எர்சிலியாவின் சுவர்

இலையுதிர்காலத்து மாலை மிலான் நகரத்தின் மீது மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நவீல்யோக் கால்வாயின் அசையா நீரில் கரையோர மதுச்சாலைகளின் விளக்குகள் உருகிய பொன்னென நெளிய, மஞ்சள் டிராம்கள் ஈரத் தண்டவாளங்களில் முனகிச் செல்ல, பணிமனைகளை விட்டு வெளிப்பட்ட மாந்தர் செந்நிறக் கசப்பு மதுவும் உப்பிட்ட ஒலிவக் காய்களுமாய் அன்றைய களைப்பை இறக்கிவைத்துக்கொண்டிருந்த அவ்வேளையில், சுவைஞரே, லவீனியா என்னும் அகவடிவமைப்பாளர் மட்டும் எங்கும் நில்லாமல், சந்தொன்றில் இருந்த சிறிய ஓவியக்கூடத்தை நோக்கி நடந்தாள். நெடுங்காலம் தனிக் காட்சிக்கு இடம் கிட்டாதிருந்த அவள் தோழி எர்சிலியாவின் ஓவியங்கள் அன்று அங்கே திறக்கப்படவிருந்தன. இம்முறையும் ஏற்பாரில்லையெனில் தூரிகையை வைத்துவிடுவதென எர்சிலியா உறுதிபூண்டிருந்தாள்.

எர்சிலியா தூரிகையைத் துணியில் துடைக்கமாட்டாள்; பணியறைச் சுவரிலேயே துடைப்பாள். ஆண்டாண்டுகளாய் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த அத்துடைப்புகள், மழை ஓய்ந்து வெளுக்கும் வானம்போலவும் பழுத்துப் பிளந்த அத்திபோலவும் ஒளிர்ந்தன. இரு நிறங்கள் தற்செயலாய்த் தொட்டுக்கொண்ட ஓரிடத்தை அங்கே கண்டெடுத்து, அதிலிருந்தே அவள் அடுத்த ஓவியத்தைத் தொடங்குவாள்.

விடுதி ஒன்றின் வரவேற்புக் கூடத்தை வடிவமைக்க ஒப்புக்கொண்டு, ஓர் எண்ணமும் துளிர்க்காமல் மாதக்கணக்கில் வறண்டிருந்த லவீனியா, சென்ற குளிர்காலத்தில் விருந்துண்ணப் போனபோது அச்சுவரின் முன் வியந்து நின்றாள். தோழி அடுக்களையில் குங்குமப்பூச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்த இடைவெளியில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். அதைச் சுவர்த்தாளாக அச்சிட்டு, வேனிலில் நிகழும் அறைகலன் விழாவுக்குத் தோழியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, 'இது உன் சுவர்' என்று காட்டி மகிழ்விப்பதே அவள் கருத்தாயிருந்தது. அக்கருத்தில் கள்ளமில்லை. ஆயின் விழாவின் முதல் நாளில், எர்சிலியா வந்து சேருமுன், இது எங்கிருந்து பிறந்தது என்று இதழாளர் ஒருவர் வினவ, சூழ்ந்து நின்ற கூட்டத்தின் முன், 'கால்வாயின் விடியற்காலைப் பனிமூட்டத்திலிருந்து' என்று அவள் நா சொல்லிவிட்டது. அந்நகரத்து வடிவமைப்பாளர் தம் படைப்புக்கெல்லாம் ஒரு பிறப்புக்கதை புனைந்து வைப்பது வழக்கம். அழுக்குச் சுவரைவிடப் பனிமூட்டம் அழகாய் ஒலித்தது.

மறுநாள் இதழில் அதைப் படித்துவிட்டு வந்த எர்சிலியா, தன் சுவரின் நிறங்களைத் தாளில் விரலால் தடவிப் பார்த்தாள். "பனிமூட்டமாடி? நம்மூர்ப் பனி சாம்பக் கலராச்சே!" என்று சிரித்தாள். லவீனியாவும் சிரித்தாள். பேச்சு அத்தோடு நின்றது. கோடைக்குள் அத்தாள் விடுதிகளிலும் உணவகங்களிலும் கொடிபோல் படர்ந்துவிட்டது.

லவீனியா உள்ளே நுழைந்தபோது ஓவியக்கூடம் நிறைந்திருந்தது. நடுவில் ஓவியங்களை வாங்கிச் சேர்க்கும் செல்வர் குவால்தியேரோ நின்றார். அவர் வாங்கினால் பிறரும் வாங்குவர், அவர் முகஞ்சுளித்தால் பிறரும் சுளிப்பர்.

"கோவிச்சுக்காதீங்கம்மா எர்சிலியா. போன வாரம் என் பல் டாக்டரோட அறையில இதே மாதிரி ஒரு தாளைப் பாத்தேன். உங்க படத்தப் பாத்ததும் கடவாப்பல்லு வலிக்க ஆரம்பிச்சிருச்சு!"

கூடம் நகைத்தது. அவர் திரும்பி லவீனியாவைக் கண்டார். "அடடே, அதைச் செஞ்சவங்களே வந்துட்டாங்க! நீங்களே சொல்லுங்க, யாரைப் பாத்து யாரு செஞ்சது?"

எர்சிலியாவின் விழிகள் தோழியின் முகத்தில் நிலைத்தன. அவற்றில் சினமில்லை, எதிர்பார்ப்பு மட்டுமே இருந்தது. ஒரு சொல் போதும். ஆனால் பனிமூட்டம் என்று அச்சேறிய இதழ்கள், மேடைகள், கைதட்டல்கள் யாவும் நினைவில் திரண்டு வர, லவீனியா கையிலிருந்த கோப்பையைக் குனிந்து பார்த்தாள்.

"அவளை ஏன் ஐயா இழுக்கறீங்க?" என்றது எர்சிலியாவின் குரல். "எனக்கு ரொம்பப் பிடிச்ச தாளு அது. என் கண்ணு தானா அதுலருந்து எடுத்துக்கிச்சு போல. ஒலிவக்காய் எடுத்துக்கோங்க, நல்லாருக்கு."

குவால்தியேரோ தோளைக் குலுக்கி வெளியேற, கூட்டம் அவர் பின்னே கரைந்தது. ஓர் ஓவியமும் விற்கவில்லை.

"நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்டி," என்றாள் லவீனியா.

"நாளைக்கு யாருடி இங்க வரப்போறா?" என்று சொல்லி, எர்சிலியா வெறுங்கோப்பைகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள்.

லவீனியா சொல்லத்தான் செய்தாள். இதழ்களில் எழுதினாள், மேடைகளில் தழுதழுத்தாள். கேட்டவர்களோ, புகழின் உச்சியில் நின்றும் வாடிப்போன தோழிக்குத் தன் புகழை ஈயும் பெருந்தன்மை என்று அவளையே மேலும் புகழ்ந்தனர். சுவர்த்தாள் முன்னினும் மிகுதியாய் விற்றது. எர்சிலியா அதன்பின் தூரிகையைத் தொடவில்லை.

பிறரிடமிருந்து பெறுவது பழியன்று, சுவைஞரே. கலைகள் யாவும் பெற்றே வளர்ந்தன. பெற்ற இடத்தைச் சொல்வதற்கு ஒரு கணம் வாய்க்கிறது. அது கழிந்தபின் சொல்லும் உண்மை, இழந்தவர்க்கு ஒன்றையும் மீட்டுத் தராமல், சொன்னவர்க்கே ஓர் அணியாய் அமைந்துவிடுகிறது. அவ்வணியைக் கழற்றவும் இயலாமல் அணியவும் கூசித்தான் லவீனியா இன்றும் மேடையேறுகிறாள்.