ஆழத்தில் அலை இல்லை

வெள்ளைச் சுவர் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது, சன்னலுக்கு மேல் சன்னல், அதற்கும் மேல் சன்னல், வானத்தோடு போய் ஒட்டிய இடத்தில் எட்டுக் கைகளையும் விரித்துச் சிரிக்கும் ஒரு சிவப்பு ஆக்டோபஸ், இது கப்பலா, கரையில் எழுப்பிய கட்டடமா என்றே சிவரஞ்சனிக்குப் பிடிபடவில்லை, கழுத்து வலிக்க அண்ணாந்தபடி நிற்கிறாள், பக்கத்தில் கணவன் கோபிநாத்தின் தோளில் உட்கார்ந்திருந்த மகள் சஹானா அவன் தலைமுடியைக் கடிவாளம் போலப் பிடித்துக்கொண்டு, அம்மா அங்க பாரு, கடல் ராஜா வீடு, கடல் ராஜா வீடு என்று துறைமுகமே திரும்பிப் பார்க்கக் கத்துகிறாள், நான்கு வயதுக் குரல், அதில் சந்தேகம் என்பது துளியும் கிடையாது. கோடை விடுமுறைக்காகக் கப்பல் முழுவதையும் கடல் ராஜாவின் ஊராக மாற்றியிருந்தார்கள், ஏறும் இடத்திலேயே ஒவ்வொரு குழந்தைக்கும் தலையில் ஒரு காகிதக் கிரீடம், படிக்கட்டெல்லாம் பவளப்பாறை, சாப்பாடு பரிமாறுகிறவர்களின் முதுகில் மீன் துடுப்பு, சென்னையிலிருந்து கிளம்பி நடுக்கடல்வரை போய்த் திரும்புகிற பயணம், கோபிநாத் வேலை பார்க்கிற கரூர் போர்வைக் கம்பெனி முதலாளி சூப்பர்வைசர்களைக் குடும்பத்தோடு அனுப்பியிருந்தார். ஆனால் சிவரஞ்சனியின் கண் கப்பலில் நிற்கவில்லை, அது வழுக்கி வழுக்கிக் கீழே வந்தது, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் கறுப்பாகத் தெரிந்த தண்ணீரில் போய் நின்றது, அந்தக் கறுப்பு அவளுக்குத் தெரியும்.

அந்தக் கறுப்பு தெருவில் வந்தது, நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அக்கரைப்பேட்டை, அப்போது அவளுக்கு எட்டு வயது, ஞாயிற்றுக்கிழமை, வாசலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருக்கிறாள், அம்மா வேம்பு இப்போதுதான் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனாள், வந்து பின்னி விடுறேன்டி, அதுக்குள்ள என்ன அவசரம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், அப்புறம் தெருமுனையில் ஆட்கள் ஓடி வருகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் நடந்து வருகிறது, அலையாகச் சுருண்டு வரவில்லை, நுரை இல்லை, நிமிர்ந்து நின்றபடி, படகையும் மரத்தையும் சுமந்துகொண்டு, தார் போல வருகிறது, எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு கை நீண்டு அவள் பாதிப் பின்னலைப் பிடித்து மேலே இழுத்தது, அந்த வலி இன்னும் தலைத்தோலில் இருக்கிறது, அம்மா வரவில்லை, கூடையும் வரவில்லை. அன்று விடியுமுன் கடலுக்குப் போயிருந்த அப்பா அஞ்சப்பன் சாயங்காலம் திரும்பி வந்தார், வந்து நின்றவர் மகளைத் தூக்கிக்கொண்டார், அடுத்த மாதமே அவளைக் கூட்டிக்கொண்டு கடல் வாசனையே எட்டாத ஊராகத் தேடிக் கரூருக்கு வந்து, பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறை ஒன்றில் காவலுக்குச் சேர்ந்தார், தகரமும் வெல்டிங் பொறியுமாகவே மீதி வயதைக் கழித்தார், அந்த நாளைப் பற்றி அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர் இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதுதான் அவளுக்கு இன்றைக்கும் ஆச்சரியம், அவள் போகவே வேண்டாம் என்றுதான் இருந்தாள், ஆனால் கம்பெனி தந்த கப்பல் படத்தைச் சஹானா தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள், கோபிநாத், ரஞ்சனி, உனக்குப் பயம்னா வேண்டாம் விட்ரு, பாப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன் என்றான், பிறகு மாமனாரிடம், அவர் எப்படியும் மாட்டார் என்ற நிச்சயத்தில் மரியாதைக்காக, மாமா, நாலு பேருக்கு இடம் இருக்குதுங்க, நீங்களும் வாரீங்களா என்று கேட்டுவைத்தான், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், வர்றேன் மாப்ள என்றார், அவ்வளவுதான், சிவரஞ்சனி எழுந்து போய்ப் பெட்டியை இறக்கினாள்.

கப்பல் நகர்ந்தது அவளுக்குத் தெரியவில்லை, சன்னல் இல்லாத உள்ளறையாகக் கேட்டு வாங்கியிருந்தாள், கட்டிலின் மேல் காலை மடக்கி உட்கார்ந்து, இது கரூர், வெளியே பஸ் ஸ்டாண்டு, அங்கே டீக்கடை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், எதிர்க்கட்டிலில் அப்பா முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி, கடலில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர், காலுக்கடியில் எதையோ உற்றுக் கேட்கிறவர் போல, இருவருக்கும் நடுவே கதவு திறந்து திறந்து மூடியது, ஒவ்வொரு தடவையும் சஹானா ஓர் அதிசயத்தோடு வந்தாள், அம்மா, சங்கு மாதிரி ஒரு சறுக்குமரம், அப்புச்சி, மீன் மாதிரி இட்லி, கண்ணுக்குப் பதிலா மொளகு வெச்சிருக்காங்க, கரூரில் அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்றுதான் பிள்ளைகள் கூப்பிடும், அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அஞ்சப்பனின் முகத்தில் எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் வந்து போகும், அது அவர் ஊர்ச் சொல் அல்ல, அதனாலேயே பழைய காயம் எதுவும் அதில் ஒட்டியிருக்கவில்லை.

அந்திக்குப் பெரிய அரங்கில் கடல் ராஜாவின் வரவேற்பு, அதற்காவது வாயேன், உள்ளேதானே, கடலே தெரியாது என்று கோபிநாத் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான், குழந்தைகளையெல்லாம் கிரீடத்தோடு நடுவில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள், விளக்கு மங்கியது, எங்கிருந்தோ ஹோ என்று ஓர் இரைச்சல் கிளம்பியது, அரங்கின் பின்புறத்திலிருந்து ஒரு கருநீலத் துணி, வீதி அகலத்துக்கு, இருபுறமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு ஓடி வர, புடைத்துப் புடைத்துக் குழந்தைகளின் தலைக்கு மேலே வந்தது, வந்து மூடியது, சஹானாவின் மஞ்சள் கவுன் இருந்த இடத்தில் இப்போது நீலம் மட்டும் இருக்கிறது, குழந்தைகள் சிரிக்கிறார்கள் என்று ஒரு காது சொல்கிறது, இன்னொரு காதில் தெரு அலறுகிறது, அவள் எழுந்தது அவளுக்கே தெரியாது, துணியை இரண்டு கைகளாலும் வாரிக் கிழிப்பதுபோல இழுத்து, யார் பெற்ற பிள்ளைகளையோ தள்ளிக்கொண்டு, மகளின் பின்னலைக் கொத்தாகப் பற்றித் தூக்கிவிட்டாள், இசை நின்றது, விளக்கு எரிந்தது, துடுப்பு கட்டிய ஆட்கள் துணியைக் கீழே விட்டார்கள், சஹானா தலையைப் பிடித்துக்கொண்டு, வலிக்குதும்மா, விடும்மா என்று அழுதாள், சிவரஞ்சனியால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை, கூட்டத்துக்குள் வந்து ஒவ்வொரு விரலாக மெதுவாகப் பிரித்துவிட்டது அப்பாதான்.

அன்றைய தூக்கம் தூக்கமா என்ன, கண்ணை மூடினால் நீலம், திறந்தால் அறையின் இருட்டு, எப்போதோ அசந்து விழித்தபோது கோபிநாத் மட்டும்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், அப்பாவின் கட்டில் காலி, சஹானாவின் இடம் காலி, தலையணைமேல் கிரீடம் இல்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினாள், பவளப்பாறைப் படிகள், ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் காட்டும் சுறா, ஆமை, கடற்குதிரை, மேலே, இன்னும் மேலே, கனமான கதவொன்றைத் தோளால் முட்டித் திறந்ததும் காற்று அவளை அப்படியே வாங்கிக்கொண்டது. வெளிச்சம் இப்போதுதான் வருகிறது. கரை இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை இல்லை, ஒரு மரம் இல்லை, கோபுரம் இல்லை, சுற்றிலும் ஒரே வட்டமாகத் தண்ணீர், அதன் விளிம்பெல்லாம் ரோஜா நிறம், நடுவெல்லாம் பால் கலந்த சாம்பல் நிறம், இத்தனை தண்ணீர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை, ஓர் அலை இல்லை, எண்ணெய் தடவிய தோல் போல அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அவள் கால் நின்றுவிட்டது, பயந்து நின்றதா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, இத்தனை வருடம் அவள் வெறுத்தது ஒரு தெரு அகலத் தண்ணீரைத்தான், இது வேறு, இதற்கு அவளைத் தெரியக்கூடத் தெரியாது, இவ்வளவு பெரியதற்கு யார்மேலும் கோபம் இருக்க முடியாது.

அங்கே, கம்பிக்கு இந்தப் பக்கம், அப்பா சஹானாவின் இடுப்பைச் சுற்றித் துண்டால் தன்னோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கிறார், அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது, அதே கணத்தில் கப்பலின் ஓரத்துத் தண்ணீர் வெடித்து, கைப்பிடி வெள்ளியை யாரோ வீசியதுபோல மீன்கள் கிளம்பின, துள்ளி விழவில்லை, பறந்தன, கண்ணாடிச் சிறகை விரித்துக்கொண்டு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் போய்க்கொண்டே இருந்தன, அம்மா, மீனுக்கு றெக்க, மீனுக்கு றெக்க இருக்கும்மா என்று குழந்தை கீச்சிட்டது, கோலா, இது கோலாவுக்குண்டான மாசம், அதான் என்றார் அப்பா, குரல் அவருடையது போலவே இல்லை, இளம்வயதுக் குரல், மறுபடி ஒரு கூட்டம் கிளம்பி விடியலுக்குள் போய் மறைந்தது, மூன்று பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

அப்புச்சி, நேத்து அம்மா எதுக்குப் பயந்தாங்க, துணிதான அது என்று சஹானா கேட்டாள். அவர் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழந்தையிடம் சொல்வதுபோல மகளிடம் சொன்னார், அன்னிக்கு நாங்க இந்த மாதிரி ஆழத்துலதான் நின்னோம் பாப்பா, வலைய உட்டுட்டுத் தூக்குல இருந்த டீய ஊத்திக் குடிச்சிக்கிட்டு இருந்தோம், தூங்குற புள்ள பெரண்டு படுக்குமே, அந்த மாதிரி படகு ஒருக்கா ஏறி எறங்குச்சு, அம்புட்டுத்தான், கையில இருந்த டீகூட சிந்தல, நான் மறுக்கா ஒரு வாய் குடிச்சேன். அவர் மகள் பக்கம் திரும்பினார், ஒங்கம்மா வேம்பக் கொண்டுபோனது என் காலுக்கடியிலதாம்மா போயிருக்கு, என்னைய தாண்டித்தான் ஊருக்குப் போயிருக்கு, எனக்குத் தெரியலையே, கரைக்குத் திரும்புறப்ப கட்டிலும் கூரையும் மெதந்து வருது, அப்பதான் தெரிஞ்சுது, அது எப்படி ஒரு மனுசனுக்குத் தெரியாம போகும், பட்டறையில உக்காந்துகிட்டு இத்தினி வருசமும் இதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன், ஒருவாட்டியாச்சும் அந்த ஆழத்துல போய் நின்னு பாத்துப்புடணும்னுதான் வந்தேன்.

அவர் காலைக் கொஞ்சம் அகட்டி, கண்ணை மூடி நின்றார், குழந்தையும் அதேபோலக் காலை அகட்டிக் கண்ணை இறுக்கிக்கொண்டது, கீழ ஏதாச்சும் போறது தெரியுதா பாப்பா என்றார், தெரியல அப்புச்சி, ஒண்ணுமே தெரியல என்றது, அப்பாவின் மூடிய இமைக்கடியிலிருந்து கண்ணீர் தானாக இறங்கியது, ஆமா, தெரியாதுதான் என்றார், ஆமா, எனக்கும் தெரியல. சிவரஞ்சனி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அம்மா போனதை நினைத்து அவள் அழுததெல்லாம் தனியாக, அவர் அழுதது எங்கே என்று அவளுக்கு இதுவரை தெரியாது, உங்களுக்கு எப்படிப்பா தெரியும், இவ்வளவு பெருசா இருக்குறது உள்ளுக்குள்ள ஒண்ண நெனச்சா மேல நிக்குற நமக்கு எப்படித் தெரியும் என்றாள், சொன்ன பிறகு அந்தச் சொல்லைத் தானும் கேட்டாள், கரூருக்கு வந்தபிறகு அப்பாவிடம் அவள் இந்த ஒரு விஷயத்தைப் பேசுவது இதுதான் முதல் தடவை.

படுத்துக்கிட்டா தெரியும்போல அப்புச்சி என்று சொல்லிவிட்டுச் சஹானா துண்டு முடிச்சை உருவிக்கொண்டு மேல்தளத்துப் பலகையில் மல்லாந்து படுத்தாள், நான்கு வயதின் யோசனை, சிவரஞ்சனிக்கு அதை மறுக்கக் காரணம் எதுவும் தோன்றவில்லை, அவளும் படுத்தாள், நைட்டியோடு, அவிழ்ந்த தலையோடு, காலை நடைக்கு வந்த ஆட்கள் சுற்றிக்கொண்டு போனார்கள், அப்பா சற்று யோசித்துவிட்டு முழங்காலை ஊன்றி அந்தப் பக்கமாகச் சாய்ந்தார், பலகை இளஞ்சூடாக இருந்தது, கப்பலின் எஞ்சின் முதுகெலும்பில் முனகியது, அதற்கும் கீழே, வெகு கீழே, ஏதோ ஒன்று எல்லோரையும் சேர்த்து மெல்லத் தூக்குகிறது, மெல்ல இறக்குகிறது, தூக்குகிறது, அம்மா கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொள்கிறாள், வந்து பின்னி விடுறேன்டி என்கிறாள், தண்ணீர் நடந்து வரவில்லை, தெரு காய்ந்து கிடக்கிறது, சின்னச் சின்ன விரல்கள் அவள் கூந்தலைக் கோதி மூன்றாகப் பிரிக்கத் தெரியாமல் இரண்டாகவே முறுக்குகின்றன, எங்கோ தொலைவில் கோபிநாத், இங்க என்னடி பண்றீங்க மூணு பேரும், கப்பல் பூராத் தேடிட்டு வாரேன் என்கிறான், உஷ், சத்தம் போடாதீங்கப்பா, அம்மா தூங்கறாங்க என்கிறது அவள் மகளின் குரல், ஆமாம், தூங்குகிறாள், கடலின் மேலே, வெயில் முகத்தில் ஏற ஏற.