கடைசி ஒரு கஜம்

தொலைக்காட்சியில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், நம் அணி கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டதும் கோர்டியின் மதுக்கடை மொத்தமும் எழுந்து நின்றது. பீர்க் குவளைகள் கூரையைத் தொட்டன. பொரித்த சீஸ் உருண்டைகள் பறந்தன. முட்டி தேய்ந்துபோய் மாதாகோவில் படியே ஏற முடியாத ஒரு கிழவர் நாற்காலிமேல் ஏறி நடனமாடினார். கதவருகே படுத்திருந்த நாய்கூட எழுந்து யாரையோ கட்டிப்பிடிக்கப் பார்த்தது.

எல்ராய் ஜேடின் மட்டும், வேலிக்கதவில் வால் மாட்டிக்கொண்ட பசுமாடு மாதிரி ஓலமிட்டார். அந்த ஓலம் பனிக்காற்றில் ஏறி, ஏரியைத் தாண்டி, மிச்சிகன் காட்டில் மேய்ந்துகொண்டிருந்த மான்களைக் கலைத்தது என்று இன்றும் சொல்கிறார்கள். மான்களைக் கேட்டால் அவையும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

"ஐயோ! மறுபடியும் அந்த கோல்டரா!"

அவருக்கு எதிரே, பிராந்திக் கோப்பையில் கிடந்த செர்ரிப் பழத்தைக் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டே வெர்னா ஷார்லியே சொன்னார்: "ஆறு புள்ளி."

வெர்னா, எல்ராயின் மனைவி லோரெய்னின் அக்கா. முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். அவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் பின் வரிசையில் மூக்கு நோண்டுகிறவன் கையை எடுத்துவிடுவான். அந்தப் பார்வையைத்தான் இப்போது எல்ராய்மேல் வைத்திருந்தார்.

எல்லாம் ஆகஸ்டில் ஆரம்பித்தது. கோர்டியின் கடையில் வருடா வருடம் எட்டுப் பேர் கூடி, ஆளுக்கொரு கற்பனை அணி சேர்ப்பார்கள். நிஜமான ஆட்டக்காரர்களின் பெயர்களை முறைவைத்து எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் எடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டக்காரன் மைதானத்தில் பந்தோடு பத்து கஜம் ஓடினால், இங்கே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு புள்ளி. கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. வாரம் ஒருவரோடு மோதல். வியர்வையெல்லாம் அவனுக்கு, வீறாப்பெல்லாம் நமக்கு. ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிடத் தோதான விளையாட்டைக் கடவுளே நினைத்தாலும் படைக்க முடியாது.

சீட்டுக் குலுக்கியதில் எல்ராய்க்கு முதல் முறை விழுந்தது. நாற்பது வருடம் பால் லாரி ஓட்டிய மனிதர். மேசையில் ஓங்கித் தட்டி, "மெர்ரிவெதர்!" என்றார்.

மெர்ரிவெதர் நம் அணியின் முதல் ஓட்டக்காரன். அவன் ஓடினால் பின்னாலேயே வருகிற அவன் நிழலுக்கு மூச்சு வாங்கும்.

கடைசிச் சுற்று நெருங்கும்போது கோர்டிக்கு மனசு கேட்கவில்லை. கடைக்காரரும் அவர்தான், இந்தப் போட்டிக்கு நடுவரும் அவர்தான். "எல்ராய், அந்த மாத்து ஆளு கோல்டரையும் சேத்து எடுத்துக்கய்யா. மெர்ரிவெதருக்குக் கால் கீல் பெசகினா அவந்தான் உள்ள வருவான். கையில இருக்கட்டும்."

"எதுக்கு? வண்டி வாங்கும்போதே பஞ்சராவும்னு நெனச்சு எவனாவது வாங்குவானா?"

"ஸ்டெப்னி இல்லாம எவன்யா வண்டி வாங்குவான்? நாப்பது வருஷம் லாரி ஓட்டின ஆளு பேசற பேச்சா இது?"

எல்ராய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெர்னாவின் முறை வந்தது.

"எனக்கு அந்த கோல்டரைக் குடுங்க. அவன் கழுத்தப் பாத்தா எங்கப்பா வளத்த காளை ஞாபகம் வருது."

எல்லோரும் சிரித்தார்கள். எல்ராய் மற்ற எல்லோருக்கும் சேர்த்துச் சிரித்தார். சிரிப்பு முற்றினால் அவருக்கு வாய் பூட்டிக்கொள்ளாது. "வெர்னா! பூயா விருந்தன்னிக்கு நாம ரெண்டு பேருந்தான் மோதறோம், அட்டவணையில இருக்கு. அன்னிக்கு அந்தக் குண்டன வெச்சு நீ என்னை ஜெயிச்சிட்டா, துடுப்பையே உன் கையில குடுத்துடறேன்!"

பீர்க் குழாய்கூடச் சொட்டுவதை நிறுத்தியது.

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றார் வெர்னா. அவர் சிரிக்கவில்லை.

துடுப்பு என்றால் படகுத் துடுப்பு அல்ல. ஆனால் அதைக் கொண்டு ஏரியைக் கடந்துவிடலாம், அத்தனை நீளம். மேப்பிள் மரத்தில் செதுக்கிய கிண்டுகோல். மான் வேட்டை தொடங்குமுன் எங்கள் மாதாகோவில் முற்றத்தில் பூயா என்கிற கறிக்குழம்பு கொதிக்கும்: கோழி, மாட்டு வால், முட்டைக்கோஸ், கேரட், மூட்டை மூட்டையாய் வெங்காயம், எல்லாம் ஒரே கொப்பரையில். அந்தக் கொப்பரையில் இரண்டு கன்றுக்குட்டிகள் நீச்சல் பழகலாம். விடியலில் அடுப்பு மூட்டினால் சாயங்காலம்வரை துடுப்பு நிற்கக் கூடாது, நின்றால் அடிபிடித்துவிடும். துடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் ருசி பார்த்து "ஆச்சு!" என்று கத்தினால்தான் ஊருக்குச் சோறு. அதுவரை பாதிரியாரே வந்து கிண்ணத்தை நீட்டினாலும் கிடைக்காது.

வெர்னாவின் அப்பா டெசிரே அந்தத் துடுப்பைத் தன் கடைசிக் காலத்தில் மருமகன் எல்ராயிடம் கொடுத்தார். சிறுமியாய் இருந்த நாளிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிய மூத்த மகள் அங்கேயே, அன்றும் நறுக்கிக்கொண்டுதான் இருந்தார். "பொம்பள கையில துடுப்பா?" என்றார் கிழவர். வெர்னா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அன்று அவர் கண்ணில் வழிந்தது வெங்காயத்தால்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அப்படி நம்புவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ஆட்டப் பருவம் தொடங்கியதும்தான் எல்ராய்க்குப் புரிந்தது. மெர்ரிவெதர் ஓடத்தான் செய்தான். மின்னலாக ஓடினான். எதிரணியில் பாதிப் பேரைத் தரையிலும் மீதிப் பேரைத் தண்ணீர்ப் பீப்பாயிலும் தள்ளிவிட்டுக் கோட்டுக்கு ஒரு கஜம் முன்புவரை வந்து சேர்வான். அங்கே அவனுக்கு மூச்சு முட்டும். கையைத் தூக்குவான். பயிற்சியாளர் தலையசைப்பார். உடனே உள்ளே வருவான் கோல்டர். உள்ளே வருவது என்ன, தானியக் கிடங்கு ஒன்று காலுறை போட்டுக்கொண்டு நடந்து வருவது மாதிரி இருக்கும். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னால் விழுவான். அவ்வளவுதான் அவன் வேலை. விழுந்த இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

எண்பது கஜம் ஓடிய மெர்ரிவெதரால் எல்ராய்க்கு எட்டுப் புள்ளி. ஒரே கஜம் விழுந்த கோல்டரால் வெர்னாவுக்கு ஆறுக்கு மேல். இப்படியே வாரா வாரம். முதல் ஆளாய் எடுத்த தங்கம், கடைசி ஆளாய் எடுத்த பித்தளையின் பக்கத்தில் வெளுத்துக்கொண்டே போனது. எல்ராய் பூசையில் மண்டியிட்டு, கோல்டருக்குக் காயம் எதுவும் வேண்டாம், ஞாயிறு மத்தியானம் மட்டும் ஒரு சளி பிடித்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். சளி எல்ராய்க்கே பிடித்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு நாள் வெர்னா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"கோல்டர எனக்குக் குடுத்துடு வெர்னா. பதிலுக்கு என் அணியில எவன் வேணுமோ எடுத்துக்க."

"மெர்ரிவெதரக் குடு."

"அவன் இல்லாம கோல்டர வெச்சு நான் என்ன பண்றது? மான்கறி சாசேஜ் ஒரு கூடை தர்றேன்."

"போன வருஷம் குடுத்ததே இன்னும் கல்லு மாதிரி கெடக்கு. கதவு ஆடாம இருக்க முட்டுக் குடுத்திருக்கேன்."

"உனக்கு ஜெயிக்கணும்கிற ஆசையே கெடையாது வெர்னா. என்னை அழவெக்கணும், அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணாத்தான் நடக்குது," என்று சொல்லி வெர்னா கதவைச் சாத்தினார்.

பூயா ஞாயிறு வந்தது. பனி பொடியாய்த் தூவியது. ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பிகளோடு ஊரே முற்றத்தில் கூடியது. விடியலிலிருந்து எல்ராய் துடுப்பும் கையுமாக நின்றார். பக்கத்தில் விறகுக் குவியல்மேல் ஒரு ரேடியோ. வெர்னா தள்ளி உட்கார்ந்து, எப்போதும்போல வெங்காயம் நறுக்கி முடித்து, கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றரை மணி வாக்கில் ஆட்டம் ஆரம்பித்தது. மற்றவர்கள் மாதாகோவில் கூடத்துக்குள் தொலைக்காட்சிமுன் நெருக்கியடித்துக்கொண்டார்கள்.

பொழுது சாயும் நேரம். எல்ராய் வெர்னாவைவிட ஒரே ஒரு புள்ளி முன்னால். மைதானத்திலோ நம் அணி நான்கு புள்ளி பின்னால். நேரம் கரைந்துகொண்டிருந்தது. மெர்ரிவெதர் ஓட ஆரம்பித்தான். ரேடியோக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்: முப்பது, இருபது, பத்து... கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால்...

ரேடியோ இருமியது. அப்புறம் செத்தது.

எல்ராய் அதைத் தட்டினார், குலுக்கினார், கெட்ட வார்த்தையில் கொஞ்சினார். கோல்டர் போட்டால் துடுப்பு போய்விடும். மெர்ரிவெதர் போட்டால் தங்கும். யாருமே போடாவிட்டாலும் தங்கும்; ஆனால் நம் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டால் எங்கள் ஊர்க் கல்லறையில் இடம் கிடைக்காது. அவரால் நிற்க முடியவில்லை. துடுப்பைக் கொப்பரை விளிம்பில் சாய்த்துவிட்டுக் கூடத்துக்குள் பாய்ந்தார். வாழ்நாளில் முதல்முறையாகப் பூயாவை விட்டு நகர்ந்தார்.

உள்ளே ஊரே தரையை உதைத்துக்கொண்டு கத்தியது. "கோல்டர்! கோல்டர்! கோல்டர்!" லோரெய்ன்கூடக் கத்தினார். கட்டிய கணவன் வந்து நிற்பதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

திரையில் தானியக் கிடங்கு நகர்ந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் விழுந்தது. எதிரணி மொத்தமும் கோல்டர்மேல் மலையாய்க் குவிந்தது. மலையைக் கலைத்துப் பார்த்தால் பந்தைக் காணோம்; கோல்டர் அணைத்தது வெறும் வயிற்றைத்தான். பந்தோ, வெளியே போகாமல் பக்கத்தில் நின்ற மெர்ரிவெதர் கையில். காலையில் வாசலுக்குப் பேப்பர் எடுக்கப் போகிறவன் மாதிரி அவன் ஓரமாக நடந்து போய்க் கோட்டைத் தாண்டினான். யாரும் அவனைத் தொடவில்லை.

எல்ராய் லோரெய்னைத் தூக்கிச் சுற்றினார். கோர்டியைத் தூக்கிச் சுற்றினார். பாதிரியாரைத் தூக்கப் போகும்போதுதான் உறைத்தது.

"ஐயோ, துடுப்பு!"

வெளியே ஓடினார். ஆவிக்கு நடுவே வெர்னா நின்றிருந்தார். இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, அடியைத் தேய்த்துத் தேய்த்துக் கிண்டிக்கொண்டிருந்தார். டெசிரே கிண்டுவது அதே மாதிரிதான் இருக்கும்.

"ஜெயிச்சுட்டேன் வெர்னா!" என்றார் எல்ராய், மூச்சு வாங்க.

"தெரியும். ரேடியோ பின்னால ஒரு தட்டுத் தட்டினேன், பேசிச்சு. அவ்வளவு பேரும் கோல்டர் மேல விழுந்ததாலதான் உன் ஆளுக்கு வழி கெடச்சுது. என் புள்ளைக்கு நன்றி சொல்லு."

"அடி... பிடிச்சிடுச்சா?"

"பிடிக்கத்தான் பாத்துது. விடல."

கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதிக் குடித்தார். எலுமிச்சம்பழம் ஒன்றை வெட்டிப் பிழிந்தார். இன்னொரு கரண்டி குடித்தார். பிறகு, முப்பது வருடம் பேருந்துக் கடைசி வரிசைவரை கேட்ட அந்தக் குரலில் கத்தினார்:

"ஆச்சு!"

ஊர் கிண்ணங்களோடு பாய்ந்து வந்தது. முதல் வாய் வைத்தவர்கள் கண்ணை மூடினார்கள். "வெர்னா! என்ன பூயா இது!" "வெர்னா, எங்க வெச்சிருந்த இந்தக் கைய?" வெர்னா, வெர்னா என்று முற்றம் முழுக்க அதே பேச்சு. விடியலிலிருந்து கிண்டிய எல்ராயை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோர்டி மட்டும் கிண்ணத்தோடு வந்து, நடுவர் தோரணையில் தொண்டையைச் செருமினார்.

"நாளெல்லாம் ஓடுனது எல்ராய். கோட்டத் தாண்டுனது வெர்னா. ஆறு புள்ளி யாருக்குன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல."

லோரெய்ன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கணவனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், துடுப்பைப் பார்த்தார். எல்ராய்க்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"இந்தா, பந்தயத்துல நீதான் ஜெயிச்சே. எடுத்துக்க," என்று வெர்னா துடுப்பை நீட்டினார். நீட்டிய கை அதை விடத்தான் கொஞ்சம் யோசித்தது.

எல்ராய் தன் கிண்ணத்தை வழித்துக் குடித்தார். எலுமிச்சை சரியாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். பிறகு அவர் மூளை, பால் லாரி மேட்டில் ஏறுவது மாதிரி முக்கி முனகி ஒரு கணக்குப் போட்டது. முகம் மெல்ல மலர்ந்தது.

"நீயே வெச்சுக்க வெர்னா. அடுத்த வருஷத்துலேந்து விடியக்காலைல நீதான் ஆரம்பிக்கணும். துடுப்பு உன்னுது. நான் மாத்து ஆளு."

வெர்னா துடுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகத்தைப் புகைப் பக்கம் திருப்பி வெகுநேரம் கண்ணைத் துடைத்தார். இந்த முறை பக்கத்தில் வெங்காயம் இல்லை. யாராலும் வசதியாக எதையும் நம்ப முடியவில்லை.

திரும்பியபோது அவர் கண் சுருங்கியிருந்தது.

"எல்ராய்... நீ சாயங்காலம் வரைக்கும் தூங்கிட்டு, கடைசி ஒரு கஜத்துக்கு வந்து 'ஆச்சு'ன்னு கத்தப் போறியா?"

"நான் என்ன பண்ணட்டும்? மாத்து ஆளோட வேலையே அதானே!" எல்ராய் தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அது கோல்டருக்கு," என்றார் வெர்னா. "எங்க ஷார்லியே குடும்பத்துல மாத்து ஆளுக்கு என்ன வேலைன்னு எனக்குத் தெரியும். அறுபது வருஷம் பாத்த வேலை." குனிந்து கத்தியை எடுத்து, பிடியைத் துடைத்து, எல்ராய் கையில் வைத்தார். "வெங்காயம். மூட்டை மூட்டையா. விடியறதுக்கு முன்னாடியே வந்துடு."

ஏரிக்கு அந்தப் பக்கம், மிச்சிகன் காட்டில், மான்கள் மறுபடியும் கலைந்து ஓடின.