அறையில் இருந்தவர்களுக்குச் சம பங்கு

1

பாட்டுக்காரர்களின் ஊரான நாஷ்வில்லில் அன்று மழை பெய்ததா என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. நாய் குரைத்தது மட்டும் நிச்சயம், பாட்டுப் பதிவில் கேட்கிறது. அந்தக் குரைப்பிலிருந்துதான் இந்தக் கதையே வந்தது.

நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘வெர்னா கிட்டாரை மடியில் கிடத்தி, ஆழ்ந்த மௌனத்தில்…’

அடித்துவிட்டேன். மௌனம் என்னுடையது. அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை.*

2

பிரிந்துபோன கணவனைத் திட்டி வெர்னா பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ‘நீ போனதும் வீடு பெரிசாச்சு’ என்ற வரிக்கு அடுத்தது வரவில்லை. அந்தக் கணவனே, டுவைட், தன்னிடம் இருந்த நாயைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றான்.

“கட்டில்ல நாய்க்கும் இடம் கிடைச்சாச்சு,” என்று அதே மெட்டில் பாடினான்.

“அட, பிரமாதம்! உன் பேரையும் போட்டுர்றேன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். [இந்த ஊர் வழக்கம் அப்படி: பாட்டு பிறக்கும்போது அறையில் இருந்த எல்லாருக்கும் சம பங்கு. ஒரு சொல் சொன்னாலும் போதும். வாய் பழகிவிட்டது.]

“அப்ப நானும் சொந்தக்காரன். உன்னைக் கேக்காமலே என் பாட்டுக் குழுவுக்குப் பாட அனுமதி கொடுக்கலாம்ல?”

“டேய், இது உன்னைத் திட்டுற பாட்டு! முதல்ல நான்தான் பாடணும்.”

“யாரு முந்துறாங்களோ அவங்க. ஒரு தடவை வெளியாயிட்டா, கட்டணம் கட்டிட்டு எவன் வேணாலும் பதிவு பண்ணலாம். உன்னால தடுக்க முடியாது, மகாராணி.”

“மெட்டைச் சிதைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. உன் குரலே சிதைச்சிருமே!”

3

கதைக்கு ஒரு முடிவு இப்படி வந்திருக்கலாம்: டுவைட்டின் வரியை வெட்டினால் பாட்டு முழுக்க அவளுடையது. வெட்டிப் பாடிப் பார்த்தாள். சப்பென்று இருந்தது.

“சனியன், இருந்துட்டுப் போகட்டும்,” என்று திரும்பச் சேர்த்தாள். [நான் வெட்டியிருப்பேன். அதனால்தான் நான் பாட்டு எழுதுவதில்லை.]

டுவைட் தன் குழுவைக் கூட்ட ஓடப்பார்த்தான். வண்டிச் சாவியைக் காணோம். நாய் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. அவன் மேசைக்கடியில் தேடும்போதே வெர்னா கைபேசியில் பாடி, அங்கேயே இணையத்தில் விற்பனைக்கு ஏற்றிவிட்டாள். நடுவில் நாய் இரண்டு முறை குரைத்தது.

“அதுக்கும் சம பங்கா?” என்றான் டுவைட்.

“அறையில இருந்துச்சுல்ல!”

4

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து பாட்டுக் கட்டினார்களா? சொல்ல மாட்டேன். நீங்களும் இவ்வளவு நேரம் அறையில்தான் இருந்தீர்கள். சம பங்கு உங்களுக்கும் உண்டு. முடிவை நீங்களே போடுங்கள். மெட்டை மட்டும் சிதைக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வெர்னாவின் பதிவு முதலில் வந்தது. டுவைட்டின் குழு அடுத்ததாகப் பதிவு செய்தது. தன்னைத் திட்டும் வரிகளை அவன் கொஞ்சம் சத்தமாகவே பாடுகிறான். நாய் வெர்னாவின் கட்டிலில் தூங்குகிறது.

* பக்கத்து வீட்டுக்காரனான நான் மூலையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். குரைத்த நாய்க்கே பங்கு என்றானபின், எனக்கும் ஒரு பங்கு என்றார்கள். அதற்குப் பதிலாக இந்தக் கதையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.