சிவப்பு சாக்பீஸ்

பாடத்தை முடிப்பது எந்த வாத்தியாருக்கும் வரும். முடிக்கிற மாதிரி வந்து முடிக்காமல் விடுவதற்குத்தான் கை பழக வேண்டும். கணக்கு சாருக்குப் பழகியிருந்தது.

அன்று கரும்பலகையில் கோணல்மாணலாக ஒரு நாற்கரம் வரைந்தார். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தார். உள்ளே இன்னொரு நாற்கரம் சாய்ந்து படுத்தது.

"வெளிய இருக்கிறது எவ்வளவு கோணலா இருந்தாலும் சரி, உள்ள வர்றது இணைகரம்தான். ஏன்? ஒரே ஒரு கோடு போட்டாப் போதும், கணக்கு தானா வாயைத் திறந்து பேசும். அந்தக் கோடு எங்கேன்னா..."

வாசல் பக்கம் காதைக் கொடுத்தார். மணி அடித்தது.

"...வீட்டுல போட்டுப் பாருங்க."

வகுப்பு கிளுக்கென்று சிரித்தது. யார் வீட்டில் என்று எல்லோருக்கும் தெரியும். மாலையில், சார் வீட்டு ஹாலில், சிவப்பு சாக்பீஸில் அந்தக் கோடு விழும். பள்ளியில் அவர் கையில் எடுப்பது வெள்ளை சாக்பீஸ் மட்டும்தான். பிள்ளைகள் அவருக்கு 'அரை சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. கோபப்படவில்லை. ஓசி விளம்பரம்தானே என்று விட்டுவிட்டார்.

சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். ஜன்னலோரப் பெஞ்சில் இருந்த அவருடைய மகள். வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். பள்ளியில் அவரை அவள் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். அது அவர் போட்ட சட்டம்.

வகுப்பில் பாதிக்கு மேல் அவருடைய டியூஷன் பிள்ளைகள். மீதிப் பேர் வேறு டியூஷன். எந்த டியூஷனிலும் இல்லாத ஒரே பிள்ளை, டியூஷன் நடக்கும் வீட்டிலேயே இருந்தது.

அதற்குக் காரணம் சிமென்ட் கடைக்காரர். டியூஷன் ஆரம்பித்த புதிதில் மகனைச் சேர்க்க வந்தவர், முன் வரிசையில் குருவியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க பொண்ணும் இங்கதானா சார்? நல்லதாப் போச்சு. நாளைக்கு அவ முதல் மார்க் வாங்குனா, கேள்வித்தாளை ராத்திரியே சாப்பாட்டுத் தட்டுல வச்சுக் கொடுத்தாருன்னு நாலு பேர் பேசுவாங்க. நான் பேச மாட்டேன். ஊர் பேசும்."

மறுநாளே குருவி உள் அறைக்குப் போனாள். ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் கதவு. கதவைச் சாத்தி, பாடம் காதில் விழாமலிருக்க உள்ளே மின்விசிறியையும் முழு வேகத்தில் வைக்கச் சொன்னார். யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

பிறகு அதுவே அவருக்குப் பெருமையாகிவிட்டது. "என் பொண்ணு டியூஷனே இல்லாமப் படிக்கிறா" என்பார். அதே மூச்சில், "உங்க பையனுக்குக் கண்டிப்பா டியூஷன் வேணும்" என்பார். கேட்டவர்கள் இரண்டையும் நம்பினார்கள்.

"அப்பா கணக்கு வாத்தியார். அவளுக்கு என்ன கவலை?" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அப்பா சொல்லிக் கொடுத்திருப்பார் என்று அம்மா. பாடத்தைத்தான் நடத்தியாகிவிட்டதே என்று அப்பா.

நாற்கரம் நடந்த அன்று மாலை, ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இடைவெளியில், அவர் நின்றபடியே காபி குடித்தார். குருவி நோட்டோடு வந்து நின்றாள்.

"அப்பா, அந்தக் கோடு எங்க போடணும்?"

"எந்தக் கோடு?"

"காலையில நிறுத்துனீங்களே."

"இரு குருவி. இந்த பேட்ச் போகட்டும்."

அந்த பேட்ச் போனது. அடுத்தது வந்தது. அதுவும் போன பிறகு, பலகையைத் துடைத்து வைத்தவருக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. சைகையிலேயே தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

குருவி பள்ளியில் சிமென்ட் கடைக்காரர் மகனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ளயே குழாய வச்சுக்கிட்டு எங்கிட்ட தண்ணி கேக்குறியா? போய் உங்கப்பாவைக் கேளு!"

பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை.

*

மேல்வகுப்புக்கு ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. ஆய்வுக்கூடம், எந்நேரமும் திறந்திருக்கும் நூலகம், தலைக்கு ஒரு மேஜை. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரே ஒரு பிள்ளையைத்தான் எடுப்பார்கள். இந்த வருடம் கடைசிச் சுற்றுக்கு வந்தது இரண்டு பேர். குருவியும், சிமென்ட் கடைக்காரர் மகனும்.

குருவி அந்த நூலகத்தைப் பற்றியே வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள். "அங்க கதவையே சாத்த மாட்டாங்களாம்மா." அம்மா பெட்டிகூட எடுத்துத் துடைத்து வைத்துவிட்டாள்.

தேர்வுக்குழு நேரில் வந்தது. தலைவியாக வந்த அம்மையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். தலைமையாசிரியர் அறையில் கரும்பலகையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

"எங்க முறை ரொம்ப எளிது சார்," என்றார் அம்மையார் கணக்கு சாரிடம். "நாங்க கேள்வி கொண்டுவர மாட்டோம். அந்தந்த ஸ்கூல் வாத்தியார்தான் கணக்கைக் கொடுக்கணும். வகுப்புல நடத்துனதா இருக்கணும். ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஒரே கணக்கு. ஒருத்தர் உள்ள போடும்போது இன்னொருத்தர் வெளிய இருக்கணும்."

கணக்கு சாருக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. கணக்கை அவரே கொடுக்கலாம்! குருவிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரக்கூடியதாக ஒன்றை எடுத்துப் போட்டால் முடிந்தது விஷயம். எதைப் போடலாம்? அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாற்கரம். இந்தப் பருவத்தில் எத்தனை தடவை நடத்தியிருப்பார்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாகக் கோட்டைப் போடும்.

எந்தப் பாதியை எங்கே நடத்தினோம் என்று அவருக்கு நினைவே இல்லை. அவர் மனதில் அது ஒரே கணக்கு. முழுசாக நடத்தி முடித்த கணக்கு.

"நாற்கரத்தோட நடுப்புள்ளிகளைச் சேர்த்தா இணைகரம் வரும்னு நிரூபிக்கணும் மேடம். வகுப்புல நடத்தியாச்சு."

"முதல்ல பொண்ணு வரட்டும்."

குருவி வந்தாள். கணக்கைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. சார் அதைப் பயம் என்று நினைத்து, கண்ணாலேயே தைரியம் சொன்னார்.

அவள் நாற்கரத்தை வரைந்தாள். அவர் வரைகிற அதே கோணல்மாணல். புள்ளி வைத்தாள், சேர்த்தாள். உள்ளே நாற்கரம் சாய்ந்து படுத்தது. பிறகு சாக்பீஸைக் கீழே வைத்து, கையைத் தட்டிக்கொண்டாள்.

"மேல போம்மா," என்றார் அம்மையார்.

"இதுக்கு மேல ஒரு கோடு போடணும் மேடம்."

"போடு."

"எங்கன்னு தெரியாது."

கணக்கு சார் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"கோடு போடணும்னு தெரியுது. எங்கன்னு தெரியலையா? அதெப்படி?"

"ஃபேனையும் மீறி வர்ற சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கேன் மேடம். 'இந்தக் கோட்டைப் போடு பாரு, அவ்வளவுதான்!'னு சார் சொல்லுவாரு. கதவு சாத்தியிருக்கும். கோடு தெரியாது."

"எந்தக் கதவு? எந்த சார்?"

குருவி அப்பாவைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துச் சட்டம் இன்னும் அமலில் இருந்தது.

"இவர்தான் மேடம். கணக்கு சார்."

தலைமையாசிரியர் இருமினார். அம்மையார் கண்ணாடிக்கு மேலாகக் கணக்கு சாரைப் பார்த்தார். "நீ அப்படி உட்காரும்மா. அந்தப் பையனைக் கூப்பிடுங்க," என்றார்.

சிமென்ட் கடைக்காரர் மகன் வந்தான். படத்தை வரைந்தான். சாக்பீஸ் பெட்டியைக் கிளறிச் சிவப்பை எடுத்தான். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, ஒரே இழுப்பு.

"இந்தக் கோட்டைப் போடு பாரு, அவ்வளவுதான்!"

அதே குரல் ஏற்ற இறக்கம். அறையில் யாரோ சிரித்தார்கள். அவன் மடமடவென்று எழுதிக்கொண்டே போனான். நாற்கரம் இரண்டு முக்கோணமாகப் பிரிந்தது. உள்ளே இருந்த எதிரெதிர் பக்கம் இரண்டும் சிவப்புக் கோட்டுக்கு இணையாக, அதன் பாதி நீளத்தில் ஓடின. கணக்கு வாயைத் திறந்து பேசியது.

குருவி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. மூலைக்கு மூலை. இவ்வளவுதான்.

"அருமை. இதை எங்கப்பா படிச்ச?"

"சார் வீட்டு ஹால்ல மேடம்," என்றான் பையன் வெள்ளந்தியாக. "வகுப்புல இது கிடையாது."

அம்மையார் எழுந்தார்.

"வாழ்த்துகள் சார். உங்க மாணவன் ஜெயிச்சுட்டான்."

*

வீட்டுக்குப் போகும் வழியில், சிக்னலில் ஸ்கூட்டர் நின்றபோது, அவர் திரும்பாமலே கேட்டார்.

"முன்னாடியே எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல குருவி?"

"கேட்டேன்ப்பா. இந்த பேட்ச் போகட்டும்னு சொன்னீங்க."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுத்தார்.

தெருமுனை திரும்பியதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். வீட்டு வாசலில் கூட்டம். அப்பாக்கள், அம்மாக்கள். செய்தி ஸ்கூட்டரை முந்திக்கொண்டு வந்துவிட்டது. இன்றைக்குச் சட்டையைப் பிடிக்கப் போகிறார்கள். பாதியை ஒளித்து வைத்து வியாபாரம் பண்ணுகிறாயா என்று கேட்கப் போகிறார்கள். கேட்கட்டும். கேட்டால்கூட நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது.

வண்டியை நிறுத்துவதற்குள் ஓர் அம்மா கும்பிட்டாள்.

"சார், எங்க பையனைச் சேர்த்துக்கங்க சார். டியூஷன் இல்லாம உங்க பொண்ணுக்கே இந்தக் கதின்னா, எங்க பிள்ளையெல்லாம் எம்மாத்திரம்?"

"எங்க பொண்ணையும் சார். உட்கார இடம் இல்லாட்டி நின்னுக்கிட்டே படிப்பா."

ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. மகளுக்கு நேர்ந்ததைப்போல ஒரு விளம்பரம் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.

குருவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். துடைத்து வைத்திருந்த பெட்டியை அம்மா அதற்குள் பரணில் ஏற்றியிருந்தாள்.

"என்னங்க, இனிமேலாவது ஹால்ல அவளுக்கு ஒரு இடம் போடுங்க," என்றாள்.

"இப்பப் போட்டா ஊரே சிரிக்கும்."

"இப்ப மட்டும் என்ன, அழுவுதா?"

அடுத்த வாரமே அம்மா, வேறொரு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரான மீசை சார் வீட்டில் மகளைச் சேர்த்துவிட்டாள். கணக்கு வாத்தியார் மகள், கணக்குக்காக இன்னொரு வாத்தியார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

முதல் நாள் முடிந்து அவள் திரும்பி வந்தபோது, இங்கே ஹால் நிரம்பி வழிந்தது. கணக்கு சார் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு, சிவப்பு சாக்பீஸோடு அவள் பின்னாலேயே அறை வாசல் வரை வந்தார்.

"எப்படி நடத்துறாரு?"

"முழுசா நடத்துறாருப்பா. கோடெல்லாம் போட்டுக் காட்டுறாரு. அவரு ஸ்கூல்லதான் பாதியாம். கூடப் படிக்கிற பிள்ளைங்க சொன்னாங்க."

அவர் கையிலிருந்த சாக்பீஸை உருட்டினார்.

"அவருக்கும் ஒரு பொண்ணு இருக்காப்பா. என் வயசுதான். உள் ரூம்ல இருந்தா. கதவு சாத்தியிருந்துச்சு. ஃபேன் சத்தம் கேட்டுச்சு."

"சரி."

"இன்னைக்குப் போர்டுல இருந்ததை முழுசா ஒரு தாள்ல எழுதி, கிளம்பும்போது அந்தக் கதவுக்கு அடியில தள்ளிட்டு வந்தேன்."

அவர் வாயைத் திறந்தார். ஹாலிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"சார்! அந்தக் கோடு எங்க சார் போடணும்?"

"போங்கப்பா," என்றாள் குருவி. "பேட்ச் காத்திருக்கு."

கதவை அவளே சாத்திக்கொண்டாள்.