காற்றுக்குழாய்

தம்பி பந்தயக் காரின் பெட்ரோல் பம்பை மூன்றாவது முறையாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அக்கா ஜன்னல் வழியாக அவன் முதுகைப் பார்த்தபடியே கணவரின் உதடுகளை ஈரத்துணியால் ஒற்றினாள். காலையில் வந்த நர்ஸ், "இன்னிக்கு யாராவது கூடவே இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

கார் ஷெட் படுக்கையறையை ஒட்டியே இருந்தது. இருபது வருடமாகப் பழுது பார்ப்பது அவர், ஓட்டுவது மைத்துனன். மைத்துனனுக்கு ஸ்டியரிங் பிடிக்க வரும், ஸ்பானர் பிடிக்க வராது. இந்த ஒரு மாதமாகக் காருக்கு ஒரு கோளாறு. முதல் நாலு சுற்று சிட்டாகப் பறக்கும். ஐந்தாவது சுற்றில் பெட்ரோல் அழுத்தம் காட்டும் முள் ஆறிலிருந்து இரண்டுக்குச் சரியும். கார்புரேட்டர் காய்ந்துபோய் வண்டி திக்கித் திணறி நிற்கும். வரும் ஞாயிறு பந்தயம். கார் ஒரு தடவையாவது முழுசாக ஓடும் சத்தத்தை அவர் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. வேறு எதையும் வேண்டிக்கொள்ளும் கட்டம் தாண்டிவிட்டது.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றான்.

"மாமா, ஃபில்டர் புதுசு, ரெகுலேட்டர் புதுசு, பம்பு ரெண்டு மாத்தியாச்சு. ஒவ்வொண்ணு மாத்தி, டேங்க்ல பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணா முள்ளு ஜம்முனு ஆறுல நிக்குது. கொஞ்ச நேரத்துல மறுபடி மொதல்லேர்ந்து. டேங்க் மூடியத் தொறந்தா உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வேற."

கண்ணைத் திறக்காமலே அவர் சிரித்தார். "தேடு மாப்ளே."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. போன மாதம் பெட்ரோல் நெடி அறைக்குள் வந்து அவர் விடாமல் இருமியபோது, டேங்க் மேலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒல்லிக் குழாயிலிருந்துதான் வருகிறது என்று மோந்து கண்டுபிடித்து, அதன் வாயைக் கறுப்பு டேப்பால் இறுகச் சுற்றியவள் அவள். குழாயும் கறுப்பு, டேப்பும் கறுப்பு. இருமல் குறைந்ததும் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

தம்பி போனதும் அவர் காதருகே குனிந்தாள். "ஏங்க, அந்தக் குழாயை நான்தான் மூடினேன். நெடி வருதேன்னு. அதனாலயா?"

"பெட்ரோல் வெளிய போகப் போக, காத்து உள்ள போகணும்ல." ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்கு மூச்சு வாங்கியது. "நெடி நின்ன அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"உன்னைப் போய்ப் போட்டுக் கொடுக்கவா?" சற்று இளைப்பாறினார். "அதோட, நோயாளியப் பாக்கன்னா உன் தம்பி ரெண்டு நிமிஷம் தலையக் குனிஞ்சு உக்காந்துட்டு ஓடிடுவான். சந்தேகம் கேக்கன்னா நாளுக்கு நாலு தடவை வரான். சனிக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்."

அன்று புதன்கிழமை.

கல்யாணமான புதிதில், அவர் சட்டைப்பையைப் பார்க்காமல் துவைத்து, கார்புரேட்டரின் சின்னஞ்சிறு பித்தளைத் துண்டுகளைச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறாள். "நான்தான் எங்கயோ தொலைச்சிட்டேன்" என்று ஊர் பூராவும் சொல்லித் திரிந்தார். இப்படி ஒரு மனுஷன் தனக்கு வாய்த்தாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அழுகை வராதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"போ. நீ கண்டுபிடிச்சேன்னு சொல்லு" என்றார்.

அவள் போய் உள்ளதை உள்ளபடியே சொன்னாள்.

"அடிப்பாவி அக்கா! ரெண்டு பம்பு!" என்று தலையில் அடித்துக்கொண்டு தம்பி சிரித்தான். டேப்பைப் பிய்த்தான். காரை முற்றத்துக்குத் தள்ளி முடுக்கினான்.

அவள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் சத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் அவருடைய விரல் அவள் உள்ளங்கையில் லேசாகத் தட்டியது. பத்து நிமிடம் ஆனது, கால் மணி ஆனது. எஞ்சின் திக்கவே இல்லை. விரல் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியும். புறங்கையை அவர் மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"அக்கா!" வெளியிலிருந்து தம்பி கத்தினான். "இருபது நிமிஷம்! முள்ளு ஆறை விட்டு அசையல! மாமாகிட்ட சொல்லு!"

"கேட்டுட்டுத்தான் இருந்தாரு" என்றாள். "நிறுத்தாத. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."

பெட்ரோல் நெடி உள்ளே வந்தது. பழக்கத்தில் ஜன்னலைச் சாத்த எழுந்தாள். கொக்கியில் கை வைத்தவள், மூடியிருந்த இன்னொரு ஜன்னல் கதவையும் தள்ளித் திறந்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.