இரண்டு தெருத் தூரம்

சிவப்பு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் நீலத்தில் ஏறி முற்றத்தைச் சுற்றினாள். சங்கிலி கிறீச்சிட்டது. மாடி ஜன்னலோரம் இழுத்துப் போட்ட கட்டிலிலிருந்து கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டும் பழைய வண்டிகள். "அண்ணன்கிட்ட காட்டிட்டு ஒண்ணை வச்சுக்கங்க" என்று சைக்கிள் கடைக்காரர் விட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. இரண்டு தெருத் தூரம்தான். ஆனால் முழங்கால் வலி அவ்வளவும் நடக்க விடவில்லை. இத்தனை வருடமும் அச்சகத்துக்குப் போகிற வழியில் அவர்தான் தன் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடுவார். அவர் படுக்கையில் விழுந்த பிறகு அந்த வண்டியை எவனோ தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"எதைங்க எடுக்கட்டும்?"

"நீலம் போடற சத்தத்துக்கு பெல்லே வேணாம்."

"கிண்டல் இருக்கட்டும். சொல்லுங்க."

"சிவப்பு. லேசா இருக்கு, பிரேக்கும் நல்லா பிடிக்குது."

"அதுல கேரியர் இல்லையே."

"உனக்கெதுக்குக் கேரியர்? சாப்பாட்டுப் பையை ஹேண்டில்ல மாட்டிக்கோ."

"யாராவது உட்காரணும்னா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் போர்வையை நீவிவிட்டாள்.

"என்னை வச்சு மிதிச்சிடுவியா நீ?"

"இப்ப இருக்கற கனத்துக்கு ஒரு கையால மிதிப்பேன்."

"கால்ல மிதிம்மா. கீழே தள்ளிடப் போற."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகிவிட்டது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்து வாயைத் துடைத்துவிட்டாள்.

"சிவப்பையே எடு. அடம் பிடிக்காத" என்று கண்களை மூடினார்.

பால் சூடாக்கிக்கொண்டு வந்தபோது தலை ஜன்னல் பக்கம் சரிந்திருந்தது. "என்னங்க" என்றாள். பிறகு கொஞ்சம் உரக்க. டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

எல்லாம் முடிந்து உறவுகள் கிளம்பிப் போனபின் கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அவசரமில்லக்கா. அப்புறமாக்கூட சொல்லுங்க."

"சிவப்பை எடுத்துட்டுப் போங்க."

"அண்ணன் எதைப் பிடிச்சிருக்குன்னாரு?"

"சிவப்பைத்தான்."

கடைக்காரர் குந்தி உட்கார்ந்து நீல வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் விட்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்று வெயில் ஏறுமுன்பே புறப்பட்டாள். வண்டி ஆடாமல் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு மேடு. முன்பெல்லாம் அங்கே வந்ததும் கணவர் இறங்கிவிடுவார், அவளும் குதிப்பாள். இடப்பக்கம் நின்று அவர் தள்ள, வலப்பக்கம் அவள் நடக்க, அன்றைக்கு என்ன பேச்சோ அது மேடு முடியும்வரை நீளும்.

அவள் இறங்கினாள். வலப்பக்கம் வந்து ஹேண்டிலைப் பிடித்தாள். அங்கிருந்து தள்ளுவது வாகாக இல்லை. முன்சக்கரம் விலகி விலகிப் போனது. பக்கம் மாறாமல், மெதுவாக ஏறினாள்.