மூன்றாம் மாடி சுவிட்ச்

பழைய கம்ப்யூட்டர் சாமான் கடையில் ஏணியக்கா கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகள் மூன்றை முன்னால் வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அலுவலகக் கூரைப் பலகைகளுக்கு மேலே தலையை நுழைத்து வயர் இழுப்பதுதான் பதினோரு வருஷமாக அவள் வேலை. ஏணியும் கையுமாகவே திரிந்ததில் சொந்தப் பெயர் போய் ஏணியக்கா நிலைத்துவிட்டது. இப்போது கம்பெனி அவள் தலையில் கல்லைப் போட்டிருந்தது. வயர் வேலை வெளி ஆளுக்குப் போகிறதாம். சுவிட்சையும் ரௌட்டரையும் செட்டிங் செய்யும் செய்முறைத் தேர்வில் தேறினால் மேஜை வேலை, தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். பயிற்சி அறையோ மேஜைக்காரர்களின் அடையாள அட்டைக்கு மட்டும்தான் திறக்கும். தேர்வுக்கு ஐந்தே வாரம்.

"வீட்டுல லைட் சுவிட்சே ஒண்ணு வேலை செய்யல. நீ இங்க வந்து சுவிட்ச் வாங்குற," என்றான் பேருந்து ஓட்டும் புருஷன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

முதலாவதை மின்சாரத்தில் செருகியதும் விசிறி மாவு மில் மாதிரி அலறியது. வீட்டில் இருப்பது ஒரே அறை. விடிகாலையில் வண்டி எடுக்கிறவன் மாலையில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கும் அந்த அறையில்தான் இவளும் பழகியாக வேண்டும். அதைத் தள்ளி வைத்தாள். இரண்டாவதில், உள்ளே இருக்க வேண்டிய மென்பொருளையே யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள்.

"நெட்ல இறக்கிக்கலாம்மா," என்றார் கடைக்காரர்.

"அதெல்லாம் கம்பெனிங்களுக்குத்தான் குடுப்பாங்கண்ணே. எனக்கு யாரு குடுப்பா?"

மூன்றாவது சின்னது, விசிறியே இல்லாதது. மூச்சுக் காட்டாமல் ஓடியது. திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் வெள்ளை நாடாவில் ‘மூன்றாம் மாடி, கணக்குப் பிரிவு’ என்று அவள் கையெழுத்தே இருந்தது. போன வருஷம் அவளேதான் திருகாணி கழற்றி, நொறுக்க வேண்டிய சாமான் பெட்டிக்குள் போட்டாள். "பழகறதுக்கு எனக்குக் குடுங்க சார்" என்று அப்போதே கேட்டதற்கு, விதிப்படி நொறுக்கித்தான் ஆக வேண்டும் என்று மேலாளர் கையை விரித்துவிட்டார்.

"இது நான் மாட்டினதுங்க. ஆறு வருஷத்துல ஒரு நாள் படுத்ததில்ல."

"தெரிஞ்ச ஆளுதானே, கூட்டிட்டு வா," என்றான் புருஷன்.

கையைக் கடிக்காத விலைதான். கூடவே ஒரு பழைய ரௌட்டரும், மடிக்கணினியோடு இணைக்க ஒரு நீல வயரும் எடுத்துக்கொண்டாள். பில் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். "பழைய சாமானுக்கு யாரும்மா பில் போடுறா? ரிப்பேர்னா கொண்டாங்க, மாத்தித் தரேன்."

ஐந்து வாரமும் சமையல் முடிந்த கையோடு உட்கார்ந்துவிடுவாள். செட்டிங்கை எல்லாம் அழிப்பாள், திரும்பப் போடுவாள், திரும்ப அழிப்பாள். தேர்வுக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். இருபத்தாறாவது நிமிடமே கையை எடுத்துவிட்டாள். மேஜைக்காரர்களில் பாதிப் பேர் அப்போது இரண்டாவது கேள்வியில் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"பரவாயில்லையே. எங்க பழகினீங்க?" என்று கேட்டார் மேலாளர்.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கைபேசியில் சுவிட்சின் படத்தை எடுத்து நீட்டினாள். "நம்ம மூணாவது மாடி சுவிட்ச்ல சார். நான் மாட்டினதே கடை வழியா என்கிட்ட வந்து சேந்துடுச்சு."

மேலாளர் படத்தை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பெட்டியில் இருந்த அத்தனையும் நொறுக்கப்பட்டதாகக் கையெழுத்துப் போட்டிருந்தது அவர்தான். அது நினைவுக்கு வந்ததும் அவள் கைபேசியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள்.

மறுநாள் காலை கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். கம்பெனிச் சொத்து அவள் வீட்டில் இருக்கிறது, அதனால் தேர்வும் ரத்து, வேலையும் இல்லை. வீட்டிலுள்ள சாதனங்கள் அத்தனையையும் ஒப்படைத்துவிட்டால் போலீசுக்குப் போக மாட்டார்கள்.

"கடையில வாங்கினது சார். வாங்க, கடையைக் காட்டுறேன்."

"நொறுக்கின சாமான் எப்படிங்க கடைக்குப் போகும்?"

"நொறுக்கியிருந்தா என் வீட்டுல எப்படி சார் இருக்கும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்," என்றார் மேலாளர், குரலை உயர்த்தாமல்.

அன்று மாலையே புருஷன் கடைக்கு ஓடினான். தன் கடையில் வாங்கியதென்று எழுதிக் கொடுத்தால் திருட்டுச் சாமான் வாங்கினதாகத் தன் தலை உருளும் என்று கடைக்காரர் கும்பிடு போட்டுவிட்டார்.

மறுநாள் பையோடு கம்பெனி வாசலில் நின்றாள். காவலாளி நோட்டைப் பிரித்து, "சுவிட்ச், ஒண்ணு" என்று எழுதினார். பைக்குள் கையை விட்டு அடுத்ததை எடுத்தார்.

"அந்த ரௌட்டர் கம்பெனிது இல்லண்ணே. நான் வாங்கினது."

"பில் இருக்காக்கா?" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

கேட்டுக்கொண்டே எழுதினார். ரௌட்டர், ஒண்ணு. பையின் அடியில் நீல வயர் சிக்கலாகக் கிடந்தது. அவர் அதை இழுக்கப் பார்த்தார்.

"இருங்கண்ணே, அப்படி இழுத்தா உள்ள அறுந்துடும்."

அவளே வெளியே எடுத்துச் சிக்கலைப் பிரித்தாள். உள்ளங்கையில் வட்டம் வட்டமாகச் சுற்றி, நுனியால் முடிச்சுப் போட்டு மேஜை மேல் வைத்தாள். வயர், ஒண்ணு என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி அவர் நோட்டை அவள் பக்கம் திருப்பினார்.